விளக்கு பிடித்தவர் உருவாக்கிய வாத்தியம்: கஞ்சிராவும் புதுக்கோட்டையும் (கொஞ்சம் நீளமான த்ரெட்)

1/ கொஞ்ச நாள் முன்னாடி ஆண்கள் வார்டில் ஒரு பெரியவரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் ஒரு பக்கம் நீர் கோத்திருந்தது. பக்கத்தில் பயிற்சி டாக்டர் ஒருவர். அவருக்குக் காட்டுவதற்காக முதுகில் இடது கை நடுவிரலை வைத்து, வலது கை நடுவிரலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தேன். மேலே டப் டப் என்று வெற்றிடச் சத்தம். நீர் இருக்கிற இடத்தில் சுவரைத் தட்டின மாதிரி மந்தம்.

2/ பெரியவர் திரும்பிப் பார்த்து, "என்ன தம்பி, கஞ்சிரா வாசிக்கிறியளா?" என்றார். வார்டே சிரித்தது. ஊரில் பஜனை கோஷ்டியில் இருந்தவராம். "அது நம்ம புதுக்கோட்டைச் சாமான் தம்பி, தெரியுமா?" என்று வேறு கேட்டார். எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அன்று ராத்திரி டியூட்டி முடிந்ததும் தேட ஆரம்பித்தேன். அதுதான் இந்த த்ரெட். டீ ஒன்று போட்டுக்கொண்டு வாங்க.

3/ முதலில் பொருளைப் பார்த்துடுவோம். கஞ்சிரா என்பது பலாமரத்தில் கடைந்த ஒரு வட்டச் சட்டம். விட்டம் சுமார் 7 முதல் 9 அங்குலம், ஆழம் 2 முதல் 4 அங்குலம். ஒரு பக்கம் மட்டும் தோல், மறுபக்கம் திறந்தே இருக்கும். சட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் பிளவு வெட்டி, அதில் மூன்று நாலு சின்ன உலோகத் தகடுகள் கோத்திருப்பார்கள். பல கஞ்சிராக்களில் அந்தத் தகடுகள் பழைய காசுகள். அவ்வளவுதான் வாத்தியம். ஒரு துணிப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோய்விடலாம்.

4/ இப்படி ஒரு தோல் கட்டின சட்ட வாத்தியம் உலகம் முழுக்க இருக்கிறது. நம்ம பறையும் அந்தக் குடும்பம்தான். பஜனைகளில் ஜல் ஜல் என்று ஆட்டித் தட்டுகிற கஞ்சிராவும் ரொம்பக் காலமாக இருந்ததுதான். அப்படியென்றால் "கண்டுபிடித்தார்கள்" என்று எதைச் சொல்கிறோம்? கேள்வி நியாயம். கீழே வருகிறேன்.

5/ 1880களின் புதுக்கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானம். திவானாக இருந்தவர் சேஷையா சாஸ்திரி. அரண்மனை, கோவில், திருவிழா, சங்கீதம் என்று ஊர் களைகட்டியிருந்த காலம். தவில், நாகஸ்வரம், மிருதங்கம் வாசிப்பவர்களுக்கு வேலை இருந்தது.

6/ அந்த ஊரில் மான்பூண்டியா பிள்ளை என்று ஒருவர். மாமுண்டியா பிள்ளை என்றும் எழுதுவார்கள். இருவரும் ஒருவரே, குழம்ப வேண்டாம். கோவிலில் விளக்கு பிடிக்கிற வேலையில் இருந்தவர் என்றுதான் சங்கீத உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. சாமி புறப்பாட்டில் வெளிச்சம் காட்டிக்கொண்டே நடக்கிற ஆளுக்குப் பக்கத்தில் என்ன கேட்கும்? தவில் கேட்கும். ராத்திரி முழுக்க, ஊர் சுற்றி முடிகிற வரை.

7/ கேட்டுக் கேட்டு லயம் உள்ளே இறங்கிவிட்டது. தவில் வித்வான் மாரியப்ப பிள்ளையிடம் போய்க் கற்றுக்கொண்டார். பிறகு அவர் கையில் எடுத்தது தவிலும் இல்லை, மிருதங்கமும் இல்லை. பஜனையில் கிடந்த இந்தச் சின்னக் கஞ்சிராவை. பக்தர்கள் ஆட்டுகிற ஒரு சாமானில், தவிலில் வாசிக்கிற கணக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை.

8/ அவர் செய்த மாற்றம் பார்க்கச் சின்னது. சட்டத்தைச் சுற்றி நிறையச் சலங்கைத் தகடு இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் எல்லாம் சேர்ந்து குலுங்கும், சொல் தெளிவாக விழாது. அதைக் குறைத்து ஒரே ஒரு பிளவாக்கினார் என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் செய்தி. சேர்த்ததை விட எடுத்தது அதிகம். எடுத்த பிறகுதான் "தகிட தகதிமி" என்று விரல் சொல்வது காதில் விழுந்தது.

9/ ரெண்டாவது, வாசிக்கும் முறை. மிருதங்கத்தில் ரெண்டு கை, ரெண்டு முகம். வலந்தலையில் ஒரு குரல், தொப்பியில் ஒரு குரல். கஞ்சிராவில் இடது கை வாத்தியத்தைப் பிடித்திருக்கும். அடிப்பது வலது கை மட்டும். ரெண்டு கை வேலையை ஒரு கை செய்யணும். இடது கை விரல் நுனி தோலின் ஓரத்தை அழுத்தி அழுத்தி விடும்போது சத்தம் வளையும், "கும்ம்" என்று கீழிருந்து மேலே இழுக்கும். தவிலிலும் தொப்பியிலும் வருகிற கும்காரத்தை ஒரு சாண் தோலில் கொண்டுவந்தது இந்த உத்திதான்.

10/ இங்க கொஞ்சம் அறிவியல். சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் அதன் அடிப்படை அதிர்வுக்கு மேலே வரும் அதிர்வுகள் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று கோணல் மாணலாக இருக்கும். 2, 3, 4 என்று முழு மடங்காக வராது. அதனால் சுருதியாகக் கேட்காது, வெறும் ஒலியாகத்தான் கேட்கும்.

11/ மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் கறுப்பாக இருக்கிறதே, சோறு அல்லது கரணை என்பார்கள், அந்தப் பூச்சின் எடை இந்த அதிர்வுகளை முழு மடங்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுகிறது. இதை எழுதியது யார் தெரியுமா? நம்ம திருச்சியில் பிறந்த சி.வி.ராமன். 1920ல் நேச்சர் இதழில் எழுதினார், 1934ல் இன்னும் விரிவாக எழுதினார். நோபல் வாங்கித் தந்த ஒளிச்சிதறலுக்கு முன்னாடியும் பின்னாடியும் மனுஷன் மத்தளம் தட்டிக்கொண்டிருந்தார்.

12/ கஞ்சிராவில் அந்தப் பூச்சு கிடையாது. அதனால் அதற்கென்று கட்டின சுருதியும் கிடையாது. சுருதி இல்லாத ஒரு வாத்தியத்தைச் சுருதிதான் உயிர் என்று நினைக்கிற சங்கீதத்துக்குள் கொண்டுவருவது லேசா? வழி தண்ணீர். கச்சேரிக்கு முன்னாடி தோலின் உட்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தடவுவார்கள். தோலில் இருக்கிற கொலாஜன் நார்கள் நீரை உறிஞ்சித் தளரும், எடையும் கூடும், சத்தம் கீழே இறங்கும். அஞ்சு பத்து நிமிஷம் பொறுத்தால் நல்ல கனமான நாதம் வரும். காய்ந்தால் திரும்பத் தண்ணீர். அதிகமாகிவிட்டால் தொளதொளவென்று ஆகிவிடும். மேடையில் கஞ்சிராக்காரர் பக்கத்தில் சின்னக் கிண்ணம் இருப்பது குடிக்க இல்லை மக்களே.

13/ இப்ப முக்கியமான கட்டம். வாத்தியம் தயார், வாசிப்பும் தயார். ஆனால் அங்கீகாரம்? அந்தக் காலத்தில் லயத்துக்குத் தலைநகர் தஞ்சாவூர். அங்கே மிருதங்கத்தில் பெரிய மனிதர் நாராயணசாமி அப்பா. மான்பூண்டியா பிள்ளை தஞ்சாவூர் போய் அவர் முன்னால் வாசித்தார், அப்பா கேட்டு வியந்து மனம் திறந்து பாராட்டினார், அதன் பிறகுதான் கஞ்சிராவுக்குக் கச்சேரிக் கதவு திறந்தது என்பது வித்வான்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

14/ இந்த இடத்தில் எனக்கு என் தொழிலின் கதை ஒன்று ஞாபகம் வந்தது. முதல் பதிவில் நெஞ்சைத் தட்டினேன் அல்லவா? அதைக் கண்டுபிடித்தவர் லியோபோல்ட் ஔவன்பிரக்கர். ஆஸ்திரியாவில் ஒரு விடுதிக்காரர் மகன். பீப்பாயில் மது எந்த அளவு இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது அப்பா கடையில் பழக்கம். மகன் டாக்டரானதும் மனித நெஞ்சை அதே மாதிரி தட்டிப் பார்த்தார். 1761ல் சின்னப் புத்தகமாகப் போட்டார். அவருக்குச் சங்கீதத்திலும் ஈடுபாடு. சாலியேரியின் ஒரு இசை நாடகத்துக்கு வசனமும் பாட்டும் எழுதிக் கொடுத்தவர்.

15/ பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 47 வருஷம். 1808ல் நெப்போலியனின் மருத்துவர் கோர்விஸார் அந்தப் புத்தகத்தை பிரெஞ்சில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதினார். நினைத்திருந்தால் தன் பெயரிலேயே புதுப் புத்தகம் போட்டிருக்கலாம். அதை அவரே சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்யாமல், இது ஔவன்பிரக்கருடையது என்று எழுதினார். அடுத்த எட்டு வருஷத்தில் அவருடைய மாணவர் லைனெக் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தார்.

16/ ரெண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுதிக்காரர் மகன், விளக்கு பிடித்தவர். ரெண்டு பேருமே மற்றவர்கள் தினம் கேட்டுக் கடந்துபோன ஒரு சத்தத்தை நின்று கேட்டவர்கள். ரெண்டு பேருக்குமே, அதிகாரத்தில் இருந்த ஒருவர் "இது நல்லா இருக்கு, இது இவருடையது" என்று சொல்லவேண்டியிருந்தது. நாராயணசாமி அப்பா அன்று "இது பஜனைச் சாமான், வெளியே வை" என்று சொல்லியிருந்தால் இந்த த்ரெட்டுக்கு வேலை இல்லை.

17/ அங்கீகாரம் மட்டும் போதாது, அடுத்த தலைமுறை வேண்டும். மான்பூண்டியா பிள்ளைக்கு அதுவும் வாய்த்தது. சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, 1875ல் பிறந்தவர். மிருதங்கமும் கஞ்சிராவும் வாசித்தார். காஞ்சிபுரம் நைனா பிள்ளையின் கச்சேரியில் வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம் இருக்கும். கோர்ட் பாஷையில் அதை 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்பார்கள். அந்த பெஞ்சில் கஞ்சிராவோடு உட்கார்ந்தவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. பாடகர், கூட்டம் இரண்டு பேரும் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கஞ்சிரா வளர்ந்தது அவர் கையில்தான்.

18/ இன்னொரு கிளை பழனி முத்தையா பிள்ளை, அவர் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). மகனுக்கு இடது கைப் பழக்கம். மிருதங்கத்தில் இது பெரிய தலைவலி. வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதால் அவர் வழக்கமான இடத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். அதற்கு எல்லோரும் சம்மதிக்கவில்லை. வாய்ப்பு தள்ளிப்போனது. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் துணை நின்றார்கள். பழனி கஞ்சிராவிலும் பெரிய கை. கஞ்சிராவுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன?

19/ இப்படி வளர்ந்ததைத்தான் மிருதங்கத்தில் 'புதுக்கோட்டை பாணி' என்கிறார்கள். தஞ்சாவூர் பாணி என்று ஒன்று இருக்கிற மாதிரி. தவிலின் கணக்கு, நுணுக்கமான கோர்வைகள் இதன் அடையாளம். பழனியின் சீடர் திருச்சி சங்கரன் 1971ல் கனடா போய் டொரான்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்த லயத்தைப் பாடமாக்கினார். கோவில் புறப்பாட்டில் கேட்ட கணக்கு பனி பெய்கிற ஊரில் பரீட்சைக் கேள்வியானது.

20/ அதற்குப் பிறகு கஞ்சிராவை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஜி.ஹரிசங்கர் (1958–2002). ஒரு கை வாசிப்பா என்று சந்தேகம் வரும், ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் 'சக்தி' குழுவின் ஆல்பம் கிராமி வாங்கியதே, அதில் கஞ்சிரா வாசித்தவர் வி.செல்வகணேஷ், கடம் விக்கு விநாயக்ராமின் மகன். அன்று டிவியில் பார்த்தோம், கைதட்டினோம். "இது புதுக்கோட்டையில் உருவானது" என்று நம்ம மாவட்டத்தில் எத்தனை பேர் சொன்னோம்?

21/ இதுவரை பெருமை. இனி கொஞ்சம் கசப்பு. கஞ்சிராவின் தோல் உடும்புத் தோல். மெல்லியது, தண்ணீரில் நன்றாக இறங்கும், விரலுக்கு வளையும். அதே உடும்பு இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ன் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கிறது. பிடித்தாலோ கொன்றாலோ 3 முதல் 7 ஆண்டு சிறை. சட்டம் சரியானதுதான். உடும்பு எலியும் பூச்சியும் தின்று வயலைக் காக்கிற பிராணி.

22/ டாக்டராக இங்கே ஒன்று சொல்லியே ஆகணும். உடும்பு ரத்தம் குடித்தால் முதுகுவலி போகும், எண்ணெய் தடவினால் முட்டிவலி போகும் என்று இன்னும் நம்புகிறோம். இதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. ஊர்வன உயிரினங்களின் உடலில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். பச்சை ரத்தம் குடிப்பது வயிற்றுப்போக்கில் தொடங்கி ரத்தத்தில் கிருமி பரவுவது வரை போகலாம். வலிக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, மாத்திரை இலவசம்.

23/ அப்படியென்றால் கஞ்சிரா செத்துவிடுமா? ஆட்டுத் தோல் போட்டு வாசிக்கிறார்கள். செயற்கைத் தோலும் வந்துவிட்டது. ஆனால் அந்த வளைவு, அந்தக் கும்காரம் அப்படியே கிடைக்கிறதா என்று வித்வான்கள் நடுவில் விவாதம் ஓடுகிறது. எனக்கு இது பழைய கேள்வியின் அடுத்த அத்தியாயமாகத்தான் தெரிகிறது. ஒரு முறை தகடுகளை எடுத்துவிட்டு வாத்தியத்தைப் புதிதாக்கினோம். இப்போது உடும்பை எடுத்துவிட்டுப் புதிதாக்க வேண்டும். இது பாதி விரல் வேலை, பாதி பொருளறிவியல். நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ப்ராஜெக்ட் உண்டா?

24/ அந்த வேலையில் இன்னொருவரையும் மறக்கக் கூடாது. தோலைப் பதப்படுத்தி, சரியான இழுப்பில் ஒட்டுகிறவர். மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. வாசிப்பவர் பெயர் அழைப்பிதழில் வரும், செய்தவர் பெயர் வராது. விளக்கு பிடித்தவர் பெயரே நமக்கு இப்படித் தேடித்தான் கிடைக்கிறது என்றால், இவர்கள் பெயரை யார் தேடுவது?

25/ கடைசியாக ஒரு பழைய விஷயம். நான் இருக்கிற கீரனூர் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில். இங்கிருந்து வண்டியை எடுத்தால் சீக்கிரம் குடுமியான்மலை போய்விடலாம். அங்கே பாறையில் ஏழாம் எட்டாம் நூற்றாண்டு வாக்கில் வெட்டின இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பகுதிகளாகச் சுரக் கோவைகள், கிரந்த எழுத்தில். முடிவில் தமிழில் ஒரு குறிப்பு, இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று. எட்டு நரம்பு, ஏழு நரம்பு வீணைகளைத்தான் சொல்கிறது என்பது அறிஞர்கள் பலர் தரும் விளக்கம். திருமயத்தில் பரிவாதினி என்ற வீணைப் பெயரும் பாறையில் இருக்கிறது.

26/ புதிய வாத்தியத்துக்குச் சுரத்தை எப்படிப் பொருத்துவது என்று ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்த மண்ணில் ஒருவர் மண்டையைக் குடைந்திருக்கிறார். பாறையில் வெட்டியதால் அது நின்றது. மான்பூண்டியா பிள்ளை பாறையில் எதுவும் வெட்டவில்லை. சீடர்கள் விரலில் விட்டுப்போனார். விரலில் விட்டது தொடர வேண்டுமானால் யாராவது வாசித்துக்கொண்டே, பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கணும்.

27/ அடுத்த தடவை கச்சேரிக்குப் போனால், தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போய்விடாதீங்க. மிருதங்கம் ரெண்டு ஆவர்த்தனம் வாசிக்கும், கஞ்சிரா பதில் சொல்லும். பிறகு ஒன்று, அரை, கால் என்று குறைந்துகொண்டே வந்து கடைசியில் ரெண்டும் சேர்ந்து கோர்வையில் முடியும். குறைப்பு என்று பெயர். கேன்டீனில் காபி ஆறினாலும் பரவாயில்லை, உட்கார்ந்து கேளுங்க.

28/ பெரியவருக்கு நீர் எடுத்தாயிற்று, காசநோய் என்று உறுதியானது, மாத்திரை தொடங்கிவிட்டோம். ஆறு மாசம் விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன். டிஸ்சார்ஜ் அன்று முதுகை இன்னொரு தடவை தட்டினேன். "இப்ப எப்படி இருக்கு நாதம்?" என்று கேட்டார். "மந்தம் பெரும்பாலும் போயிருச்சுங்கய்யா, டப் டப்புன்னு கேக்குது" என்றேன். "அப்ப தண்ணி எறங்கிருச்சு" என்று அவரே சொல்லிக்கொண்டார். கஞ்சிரா வாசித்தவருக்கு நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பழைய கஞ்சிரா இருந்தால், அதை வாசித்தவர் யார், செய்தவர் யார் என்று வீட்டுப் பெரியவங்ககிட்ட இன்றைக்கே கேட்டு எழுதி வைங்க.